கடிகாரத்துக்குப் பக்கத்தில் அப்பா

ஒரு புதிர் போடுகிறேன், கேளுங்கள். உள்ளங்கை அளவில் ஒரு திரை. அதில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் யார் தயவும் இல்லாமல் தானே பேசுவார். மற்றவருக்குச் சொந்தப் பேச்சே கிடையாது. வேறொருவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்வார். சொல்லிக் கொடுப்பவர் வாயை மூடிவிட்டால், கடைசியாகக் கேட்டதையே காட்டிக்கொண்டு நிற்பார். இருவரில் யாரை நம்பலாம்? முதலாமவரை என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நிறைமதியும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் திரைக்குள் இருப்பது இரண்டு பேர் என்பது அவளுக்குத் தெரியாது.

நிறைமதி கோவில்பட்டியில் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். அம்மா சுகந்தி வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பாள். அப்பா தனசேகர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். போன முறை வந்தபோது அவர்தான் அந்தச் சின்னத் திரையை வாங்கி வந்தார். முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் இழுத்து, பின்னறையில் மகள் படிக்கும் மேஜையில் வைத்தார். அதற்குத் தனி சார்ஜரும் இருந்தது.

திரையின் ஒரு பாதியில் கடிகாரம். அந்தக் கடிகாரம் திரைக்குள்ளேயே பதிந்து வந்தது. கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் ஓடும். மறுபாதி ‘அப்பா’ கட்டம். மஸ்கட்டிலிருந்து அவர் எழுதுவது முதலில் கம்ப்யூட்டருக்கு வரும், அது திரைக்கு அனுப்பும். புதுச் செய்தி வந்தால் பழையது அழிந்துவிடும். எந்தச் செய்தி எப்போது வந்தது என்ற குறிப்பு அந்தக் கட்டத்தில் கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் அந்தக் கட்டத்தில் இப்படி வந்தது: “லீவு கெடச்சிருச்சு. கிளம்பிட்டேன்டா மதிக்குட்டி.”

மறுநாள் மதி பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவர் சுகந்திக்குப் போன் செய்தார். வரவில்லை என்றார். இனிமேலும் வரப்போவதில்லை, இங்கே வேறு குடும்பமாகிவிட்டது என்றார். “பிள்ளைக்கு நானே எழுதிர்றேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்று வைத்துவிட்டார்.

சுகந்தி ஓடிப்போய் கம்ப்யூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பாதி அடித்திருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்று அதோடு போயிற்று.

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று மகளிடம் சொன்னாள். பத்திரிகை அடிக்க வந்தவர்களிடமும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பினாள். மதி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மதுரையிலிருந்து வரும் பஸ்களில் யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவாள்.

“ஏட்டி, ஒங்கப்பா என்ன, மஸ்கட்டுல இருந்து நடந்தா வர்றாரு?” என்று அவளுடைய வகுப்புத் தோழி ரெஜினா கேட்டாள்.

“எங்க வீட்டுத் திரையில கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பாதுட்டி. அதே திரைதான் அப்பா கிளம்பிட்டார்னும் சொல்லுது. ஒண்ணு சரியா இருந்தா இன்னொண்ணு மட்டும் எப்படித் தப்பாகும்?” என்றாள் மதி.

சுகந்தியின் அண்ணன் வேலாயுதத்துக்குச் சாத்தூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. ரிப்பேர் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்துவிட்டார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“என்ன தங்கச்சி, பிளக்கைப் பிடுங்கி வச்சா ராக்கெட்டே ரிப்பேர்தான்” என்று சிரித்தார்.

சுகந்தி சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்.

“அதுக்காக? பிள்ளை தெனமும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறது ஒனக்கு நல்லா இருக்கா?”

“அந்த ஆளு எழுதிருக்கிறதை அவ வாசிக்கணுமா, அண்ணே? திரையில இப்ப இருக்கிறது பொய்தான். ஆனா அவளுக்குக் கெடச்ச கடைசி நல்ல வார்த்தை இதுதானே.”

“பொய்யைச் சொன்னது அவன். நீ ஏன் அதுக்குக் காவல் இருக்க?”

அவர் மதியைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். சுகந்தி தடுக்கத் தடுக்க, திரையில் எது தானாக ஓடுகிறது, எது கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்கிறது என்று விளக்கினார். மதி திரையைப் பார்த்தாள்.

“அப்ப, அப்பா கிளம்பிட்டேன்னு சொன்னது பழசா?”

“பழசுதான்டா.”

“கம்ப்யூட்டரைப் போட்டா புதுசு வருமா?”

“வரும்.”

“இது போயிருமா?”

“போயிரும்.”

“புதுசுல என்ன இருக்கும் மாமா?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அழுதாள்.

வேலாயுதம் முன்னறைக்கு வந்து பிளக்கைச் சொருகினார். சுகந்தி சுவிட்சின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். “எத்தனை நாளைக்கு இப்படி மறைப்ப?” என்றார் அவர். “முடியிற வரைக்கும்” என்றாள் அவள். கடைசியில், இதைப் பிள்ளையே சொல்லட்டும் என்று, பின்னாலேயே வந்து நின்ற மதியை இருவருமே பார்த்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். உண்மையைக் காட்டிவிடத் துணிந்த மாமா செய்தது சரியா? செத்துப்போன ஒரு வார்த்தையைக் காப்பாற்றத் தன் பிழைப்பையே நிறுத்தி வைத்த அம்மா செய்தது சரியா? மதியின் இடத்தில் நீங்கள் இருந்தால் யார் பக்கம் போவீர்கள்?

மதி யார் பக்கமும் போகவில்லை. பின்னறைக்குப் போய், சின்னத் திரையிலிருந்து கம்ப்யூட்டர் ஒயரைக் கழற்றினாள். திரும்பி வந்து, “இப்பப் போடுங்க மாமா, அம்மா வேலை பார்க்கட்டும்” என்றாள்.