கவலைக்கிடமாக ஒரு கவிதை

கிருபாகரன் கேள்வி கேட்கத்தான் போனான். போகும்போதே விடையையும் கையோடு எடுத்துக்கொண்டு போனான். அதுதான் அவன் வழக்கம்.

ஆங்கிலத் துறைத் தலைவி பியூலா மேடம் முன்னால் ஒரு விடைத்தாளை வைத்தான். மேலே சிவப்பு மையில் பெரிய சைபர்.

"மேடம், இதுக்கு என்ன மார்க் போடலாம்?"

"போட்டுட்டியே."

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லாருக்கும்."

மேடம் அவனுக்கு எம்.ஏ.யில் பாடம் எடுத்தவர். அதே கல்லூரியில் அவனும் ஆசிரியராகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் அவர் சரியென்று தலையாட்டினால்தான் அவனுக்கு நிம்மதி.

மணி நாலு பத்து. ஐந்துக்குள் அகமதிப்பீட்டு மார்க்கைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். இருபதுக்கு எட்டு மார்க்காவது எடுக்காவிட்டால் பரீட்சை எழுத முடியாது. வகுப்பில் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் தேறிவிட்டார்கள். மிச்சம் முப்பிடாதி ஒருத்திதான். அறைக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். ஒரு பேப்பர் போனாலும் படிப்பை விட்டுவிட்டுப் பீடி சுற்ற வந்துவிட வேண்டும் என்று அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அது கிருபாகரனுக்கும் தெரியும். தெரிந்தேதான் சைபர் போட்டான். அவ்வளவு கோபம்.

"அப்படி என்ன எழுதியிருக்கா?"

"கேலி மேடம். கலங்கரை விளக்கக் கவிதையக் குடுத்து கிரிட்டிக்கல் அனாலிசிஸ் எழுதச் சொன்னேன். இவ கவிதையக் கொண்டுபோய் ஆஸ்பத்திரில சேர்த்திருக்கா."

மேடம் படித்தார். ஓட்டை ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

'இந்தக் கவிதை கவலைக்கிடமாக இருக்கிறது. முதல் எட்டு வரியில் மூச்சு சீராக வருகிறது. ஒன்பதாம் வரியில் காவல்காரன் விளக்கேற்ற மறந்துவிடுகிறான். அந்த வரி பாதியில் நிற்கிறது. அங்கே எனக்கும் மூச்சு நின்றது. கடைசி இரண்டு வரி, கடமையை மறக்காதே என்று சொல்கிறது. அதில் உயிர் இல்லை. வீட்டு ஆட்கள் மனசு கேட்காமல் மெஷினில் வைத்திருப்பது போலக் கவிஞர் வைத்திருக்கிறார். எடுத்துவிடலாம்.'

மேடம் சிரிப்பார் என்று கிருபாகரன் எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

"அவளக் கூப்பிடு."

முப்பிடாதி வந்தாள். தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கிரிட்டிக்கல்னா என்னம்மா?"

"பொழைக்குமா பொழைக்காதான்னு சொல்ல முடியாம இருக்கது, மேடம்."

"யாரு சொன்னா?"

"டாக்டருங்க. எங்கப்பா பெரியாஸ்பத்திரில பதினோரு நாள் கெடந்தாவ. தெனமும் வந்து, இன்னும் கிரிட்டிக்கலாத்தான் இருக்காருன்னு சொல்லுவாவ. பக்கத்துலயே இருந்து பாக்கணும், எது கூடுது எது கொறையுதுன்னு குறிச்சு வைக்கணும்னாவ. நான்தான் குறிச்சேன்."

"அப்பா இப்போ?"

"பன்னெண்டாம் நாள் போயிட்டாவ." அவள் குரல் உடைந்தது. "கவிதையையும் அப்படித்தான் பாக்கச் சொல்லுதாவன்னு நெனச்சேன். கேலி பண்ணல சார்."

மேடம் அவளை வெளியே இருக்கச் சொன்னார்.

கிருபாகரனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆசிரியராகிவிட்டால் அது கொஞ்சம் கஷ்டம்தான்.

"பாவம்தான் மேடம். அதுக்காக? கிரிட்டிக்கல் அனாலிசிஸ்னா திறனாய்வுன்னே தெரியாதவளுக்குப் பாவம் பார்த்து மார்க் போட முடியுமா? மத்த நாப்பது பேரும் ஒழுங்கா எழுதியிருக்காங்க."

"பாவம் பார்க்கச் சொல்லல. அந்த நாப்பதையும் எடுத்துட்டு வா."

கொண்டுவந்தான். மேடம் டிராயரைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்தார். சர்க்கஸ் யானை ஒன்றைப் பற்றிய ஆங்கிலக் கவிதை. அதை அவனிடம் படிக்கக் கொடுத்தார். பிறகு கட்டின் மேலே இருந்த விடைத்தாளை எடுத்து, தலைப்பும் மார்க்கும் தெரியாமல் ஸ்கேலை வைத்து மறைத்தார்.

"இது யானைக் கவிதைக்கு எழுதின கட்டுரைன்னு வச்சுக்கோ. மார்க் போடு."

"மேடம், மணி நாலரை ஆச்சு."

"போடு."

படித்தான். 'கவிஞர் எளிய சொற்களில் ஆழ்ந்த உணர்வை வெளிப்படுத்துகிறார். படிமங்கள் கவிதைக்கு அழகு சேர்க்கின்றன. கவிதை முழுவதும் ஒரு மெல்லிய சோகம் இழையோடுகிறது.' யானைக்கும் சோகம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பதினாறு," என்றான்.

"கலங்கரை விளக்கத்துக்கு எவ்வளவு போட்டிருந்த?"

ஸ்கேலை நகர்த்திப் பார்த்தான். பதினாறு.

அடுத்த தாளுக்குப் பதினேழு. முன்பு போட்டதும் பதினேழு. அதற்கடுத்தது பதினைந்து. அதிலும் மாற்றமில்லை. ஆறாவது தாளோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

மேடம் முப்பிடாதியின் தாளைத் தள்ளினார். "இதையும் யானைக்குப் பாரு."

பார்த்தான். யானைக் கவிதையின் ஒன்பதாம் வரியில் எதுவும் நிற்கவில்லை. யானை அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு வரியில் யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அவள் எழுதியதில் ஒன்றுகூட ஒட்டவில்லை.

"இது மட்டும் பொருந்தல மேடம். கலங்கரை விளக்கத்துக்குத்தான் பொருந்தும்."

மேடம் பேனாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

கிருபாகரன் சைபரை அடித்தான். பக்கத்தில் பதினேழு என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டான். எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்.

"முப்பிடாதி, நீ பரீட்சை எழுதலாம். வீட்டுக்குப் போ."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதற்குள் அவள் பாதிப் படி இறங்கிவிட்டாள்.

திரும்பி வந்தபோது மணி நாலு ஐம்பது. மேசையில் நாற்பது தாளும் அப்படியே இருந்தன.

"அப்போ இவங்களுக்கு, மேடம்?"

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"பசங்கதான்."

"நாப்பது பேருக்கும் ஒரே மெல்லிய சோகம் எப்படி வந்துச்சு?"

"நோட்ஸ் மேடம். எந்தக் கவிதை வந்தாலும் இப்படி எழுதலாம்னு நான்தான் சொல்லி எழுத வச்சேன்."

"உனக்கு அது ஏது?"

இதைச் சொல்லாமல் தப்பிக்க வழி உண்டா என்று ஒரு கணம் பார்த்தான். இல்லை.

"நீங்க எங்களுக்கு எம்.ஏ.யில குடுத்தது மேடம். ஒரு வரி மாத்தாம வச்சிருக்கேன்."

"தெரியும்," என்றார் பியூலா மேடம். நாற்பது தாளையும் தட்டி அடுக்கி அவன் முன்னால் வைத்தார்.

"எனக்கு எவ்வளவு போடப் போற, கிருபா?"