மூன்று பெயர் வாங்கிய கல்

“மூணு பெயர் சொல்லிக் கூப்பிட்டியே, மூணு கல் எங்கே?” என்று வியாழன் குனிந்து கேட்டபோது ஆள்காட்டிக் குருவி முட்டைகளின் மேலிருந்து எழுந்துவிட்டது.

வானத்துக் கற்களும் தரைப் பறவைகளும் பேசிக்கொண்ட காலம் அது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சிறு கற்கள் திரிந்தன. கீழிருந்து யாராவது பெயர் சொல்லி அழைக்கும் கல்லை வியாழன் தொடக்கூடாது. பெயரில்லாததை இழுத்து விழுங்கிக்கொள்ளலாம். சூரியன் செய்துவைத்த ஏற்பாடு.

குருவி கூடு கட்டுவதில்லை. வற்றிய கண்மாயில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் கல்லும் ஒரே நிறம். அதனால் சுற்றிலும் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பது அதற்கு மனப்பாடம். ஒன்று இடம் மாறினாலும் கத்தி ஊரைக் கூட்டும். அதே கண்ணால் ஒரு மாலை வானத்தைப் பார்த்தது. மக நட்சத்திரத்தின் அருகே ஒரு புள்ளி நேற்றிருந்த இடத்தில் இல்லை. சந்தோஷம் தாங்காமல் அப்போதே வெள்ளச்சி என்று பெயர் வைத்துவிட்டது. சில மாதங்களில் அது சூரியனுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது. அடுத்த வருடம் கேட்டைக்கு அருகே ஒரு புள்ளி நகர்ந்தது. அதற்கு மினுக்கி என்று பெயர். பிறகு சதயத்துக்கு அருகே இன்னொன்று. அது பூவாத்தா.

“மூணும் நான்தான் அக்கா,” என்றது கல் மேலிருந்து. “நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன். வேற யாரையோ கூப்பிடுறீங்கன்னு எனக்குத் தோணவே இல்லை.”

“மாட்டிக்கிட்டா எல்லாக் கல்லும் இதைத்தான் சொல்லும்,” என்றான் வியாழன். “ரெண்டு பெயர் பொய்னா மூணாவதும் பொய். பெயரில்லாத கல் எனக்கு.”

குருவி விடுவிடென்று நடந்து போய், கண்மாய் நடுவே ஒரு பெரிய கல்லைச் சூரியன் என்று வைத்தது. மகத்தின் திசையில் ஒரு கூழாங்கல், கேட்டையின் திசையில் ஒன்று, சதயத்தின் திசையில் ஒன்று. மூன்றையும் ஒட்டி நடந்தது. கால்தடம் கொஞ்சம் நசுங்கிய வளையல் போல வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

“இது ஒரே கல்தான்,” என்றது குருவி. “அடுத்த முறை கார்த்திகைக் கூட்டத்துக்குக் கீழே வரும். வரலைன்னா எடுத்துக்குங்க அண்ணே.”

“வானம் விழுந்தா தாங்கணும்னு காலைத் தூக்கிக்கிட்டு மல்லாந்து படுக்கிறவ நீ. உன் கணக்கை நம்பி நான் பட்டினி கிடக்கணுமாக்கும்?”

“உங்களைப் பார்த்தா பட்டினி கிடக்கிறவர் மாதிரி தெரியலையே.”

செவ்வாய் சிரித்துவிட்டான். வியாழனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

“சரி. ஆனா நீ அதுக்கு வழி சொல்லித் தரக்கூடாது.”

“அக்கா, நான் எப்படி வரணும்?” என்று கல் பதறியது.

“எப்பவும் போல வா.”

கல் சூரியனுக்கு அந்தப் பக்கம் போனது. முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் ஓடத் தொடங்கின. பிறகு மழை பெய்து கண்மாய் நிறைந்தது. கூழாங்கற்கள் நீருக்கடியில் போயின. குருவி கரையில் நின்று பார்த்தது. கார்த்திகை கிழக்கே ஏறும் மாலைகளில் வியாழன், “என்னம்மா, வந்தாச்சா?” என்று கேட்பான். குருவி கழுத்தை நீட்டும், சுருக்கும். அது தப்பாகச் சொல்லியிருந்தால் போகப்போவது கல்தான்.

ஒரு மாலை கார்த்திகைக்குக் கீழே புதிதாக ஒரு புள்ளி நின்றது. மறுநாள் ஒரு நூலளவு தள்ளி நின்றது.

குருவி கத்திய கத்தலில் கண்மாய்க் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

“எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துறா?” என்று செவ்வாய் கேட்டான்.

“வெள்ளச்சி,” என்றது கல். “முதல்ல வெச்சது. மத்த ரெண்டையும் குஞ்சுகளுக்குக் கொடுத்துடுங்க அக்கா.”

மற்ற கற்களெல்லாம், “எனக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணு,” என்று நெருக்கியடித்தன. “முதல்ல சுத்தி வாங்க. சொன்ன இடத்துல நில்லுங்க. அப்புறம் பார்க்கலாம்,” என்றது குருவி. கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

வானத்தில் புதிதாகக் காணும் சிறுகோளுக்குக் கண்டவுடனே பெயர் வைக்காமல், அது போய்த் திரும்பி, சொன்ன இடத்தில் வந்து நின்ற பிறகே கண்டவர் பெயர் சொல்லும் வழக்கம் அன்றைக்குத்தான் பிறந்தது.

கற்கள் கூச்சலிட்டுக்கொண்டு கடந்து போகையில், வியாழன், கூடவே கிளம்பப் பார்த்த தன் நிலாக்களில் ஒன்றைச் சற்று உள்பக்கமாக இழுத்துக்கொண்டான்.