பாட்டு முடியும்வரை

வெண்கரை நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நாட்டுக் கவிஞர் பாடினால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பாட்டு யாரைப் பற்றியதோ அவர் மட்டும் உட்காரலாம். ஏழு தலைமுறையாக உட்கார்ந்தவர் அரசர் ஒருவர்தான். வேறு யாரையும் பாடக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. யாருக்கும் பாடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கொற்றனுக்கு நாட்டுக் கவிஞர் பதவி ஐம்பத்திரண்டாம் வயதில் கிடைத்தது. முப்பது வருடம் அதற்காக ஏங்கிய மனிதர். பட்டு உத்தரீயமும் பல்லக்கும் வந்த பிறகு, தெருவில் போகிற நாய்கூடத் தன்னை மரியாதையாகப் பார்ப்பதாக அவருக்குப் பட்டது.

முதல் வேலை சீக்கிரமே வந்தது. ஐப்பசி மழையில் பெரிய ஏரி ததும்பியபோது, தெப்பத் திருவிழாவுக்குத் தண்ணீர் குறைந்துவிடும் என்று அரசர் மதகைத் திறக்க விடவில்லை. கரை உடைந்தது. ஏரிக்குக் கீழே இருந்த தாழைக்குடியில் நாற்பத்தொரு பேர் போய்விட்டார்கள். இப்போது கரையைப் புதிதாகக் கட்டியாகிவிட்டது. தை பிறந்ததும் விழா. தாழைக்குடி ஜனங்களையும் அரண்மனைக்கு அழைத்திருந்தார்கள். கரை கட்டிய அரசரின் பெருமையைப் பாட வேண்டும் என்று அமைச்சர் சொல்லி அனுப்பினார்.

கொற்றன் நாற்பது அடியில் எழுதி முடித்தார். எழுதியது மனசில் ஒட்டவில்லை. ஏட்டை எடுத்துக்கொண்டு தன் ஆசிரியர் உமையாளிடம் போனார்.

உமையாள் அவரைவிட மூன்று வயது இளையவர். காலையில் யாப்பு சொல்லித் தருவார். மற்ற நேரமெல்லாம் கத்திரித் தோட்டம். அன்று செடிகளுக்குச் சாம்பல் தூவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஏட்டை வாங்கிப் படித்தார்.

“தளை எங்கயும் தட்டல. மோனையும் நல்லா விழுந்திருக்கு.”

“அதில்லம்மா. ஒண்ணு கேக்கணும். நாட்டுக் கவிஞனோட வேலை என்ன?”

“இந்தப் பாட்டத் தாழைக்குடியில போய்ப் பாடிட்டு வாரும்.”

“அரண்மனைக்கு எழுதினத அங்க எதுக்கு...”

“பாடிட்டு வாரும்.”

பல்லக்கு சேற்றில் போகாது என்று தூக்குகிறவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். மீதியைக் கொற்றன் நடந்தார். வீடுகள் இருந்த இடத்தில் ஓலைக் குடிசைகள் இருந்தன. நாட்டுக் கவிஞர் நம் ஊருக்கு வந்திருக்கிறார் என்றதும் ஊரே கூடி உட்கார்ந்துவிட்டது. கொற்றன் தொண்டையைச் செருமினார்.

அத்தனை பேரும் எழுந்தார்கள். வழக்கம் அவர்களுக்கும் தெரியும். வெள்ளத்தில் கால் ஒடிந்த மாடப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி பிள்ளையோடு எழுந்தாள்.

உட்காருங்கள் என்று சொல்லக் கொற்றனுக்கு வாய் வரவில்லை. பாட்டில்தான் அவர்கள் இல்லையே, எப்படிச் சொல்வது? முதல் பத்து அடியில் அரசரின் தோள் வந்தது. அடுத்த பத்தில் வெண்குடை வந்தது. நின்றவர்கள் தலையில் உச்சி வெயில். மாடப்பனின் கம்பு ஆடத் தொடங்கியது. கொற்றன் வேகமாகப் பாடிப் பார்த்தார். எப்படிப் பாடினாலும் நாற்பது அடி நாற்பது அடிதான்.

முடிந்ததும் பிள்ளைக்காரி சொன்னாள்: “நல்லா இருந்துச்சு ஐயா. இப்ப உக்காரலாமா?”

அவள் கேலி பேசவில்லை. நிஜமாகவே கேட்டாள். கொற்றனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது.

அவர் ஊர் திரும்பவில்லை. மூன்று நாள் அங்கேயே தங்கினார். குடிசை குடிசையாகப் போய், செத்தவர்கள் பெயர் என்ன, எப்படிச் சிரிப்பார்கள், யாரோடு சண்டை போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு புது ஏட்டோடு தோட்டத்துக்கு வந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

“இதப் பாடினா அரசர் எழுந்திரிக்கணும்மா.”

“ஆமா.”

“எழுந்திரிக்கலன்னா?”

உமையாள் ஏட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “பதினேழாவது அடியில தளை தட்டுது.”

“அங்க சொர்ணவல்லின்னு பேரு வருது. பேர எப்படி மாத்துறது?”

“பேர மாத்தச் சொன்னது யாரு? சுத்தியிருக்கறத மாத்தும்.”

விழா நாளில் அரசர் அரியணையில் இருந்தார். அமைச்சர்களும் பிரபுக்களும் நின்றார்கள். கடைசி வரிசையில் தாழைக்குடி ஜனங்கள் நின்றார்கள். கொற்றன் அரசரைப் பார்த்து நின்று முதல் அடியைப் பாடினார். தாழைக்குடியில் செத்தவர்களையும், அவர்களைத் தேடிச் சேற்றைக் கிளறியவர்களையும் பாடுகிறேன் என்றது அந்த அடி.

அமைச்சரின் முகம் சுண்டிப்போனது. அரசர் எழவில்லை. கொற்றன் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனார். சொர்ணவல்லியும் வந்து போனாள். பின்னால் தரையில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது, பிறகு இன்னும் சிலர். அரசர் கடைசி வரை அசையவில்லை.

பாட்டு முடிந்தது. அரசர் கோபப்படக்கூட இல்லை. “உத்தரீயத்தை வெச்சிட்டுப் போகலாம்” என்றார்.

கொற்றன் நடந்தே தோட்டத்துக்கு வந்து, வரப்பில் தொப்பென்று உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“போச்சும்மா. முப்பது வருஷம் காத்துக் கெடந்தது, ஒரு பாட்டுல போச்சு.”

“அரசர் எழுந்தாரா?”

“இல்ல. அவர் முகத்த விட்டு நான் கண்ண எடுக்கவே இல்ல. இப்ப எழுவார், இப்ப எழுவார்னு பாத்தேன். நாற்பத்தொரு பேரும் வந்து போச்சு. கல்லு மாதிரி இருந்தார்.”

“தாழைக்குடிக்காரங்க?”

“உக்காந்தாங்க போல. சத்தம் கேட்டுச்சு.”

“கால் ஒடிஞ்சவர் எப்படி உக்காந்தார்?”

“பாக்கல.”

“யார் கை குடுத்தா?”

அதையும் கொற்றன் பார்த்திருக்கவில்லை.

“போய்க் கேட்டுட்டு வாரும். அடுத்த பாட்டு எழுதணுமில்ல.”

“இனிமே என்ன பாட்டும்மா? நாட்டுக் கவிஞனே இல்லன்னு ஆயிடுச்சு. போகச் சொல்லிட்டாங்க.”

“யாரு சொன்னா?”

“அரசர்தான்.”

உமையாள் சாம்பல் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“தாழைக்குடியிலயும் சொன்னாங்களா?”