தோமே ஓடிய ஓரம்

"சுவாமி, என் கால், இறந்தவனுக்குப் பந்து கொடுக்கிறது" என்றான் எலாதியோ.

கொன்ராதோ அடிகள் பீடத்து மெழுகுத்திரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"பந்துக்குப் பாவமன்னிப்பு எந்த நூலிலும் இல்லையே" என்றார்.

"மன்னிப்புக்கு வரவில்லை. கால் மறப்பதற்கு ஒரு வழி கேட்டு வந்தேன்."

அடிகள் கடைசித் திரியையும் அணைத்தார். சிற்றாலயத்தில் மழையின் ஒலி மட்டும் எஞ்சியது.

*

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்குக் கடற்கரையில், மீன்பிடிப் படகுகள் ஒதுங்கும் சிற்றூர் அது. கடலோடிகளைக் காக்கும் புனிதர் தெல்மோவுக்கு அங்கே ஓர் ஆலயம். அதன் பின்னே புல் மண்டிய ஒரு திடல். எலாதியோவும் தோமேயும் சிறுவயதில் கால்பந்து பழகியது அத்திடலில்தான். பழக்கியவர் அடிகள்.

எலாதியோ நடுக்களத்தில் நிற்பான். தோமே இடப்புறக் கோட்டை ஒட்டி ஓடுவான்.

பந்து தன்னிடம் வந்ததும் எலாதியோ இடப்புறத்துக்கு முதுகு காட்டி, வலப்புறம் நோக்குவான். எதிரணியினர் எல்லாரும் அவன் பார்வை போன திசையில் போவர். அக்கணத்தில் பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தை இடப்புற ஓரத்துக்கு அனுப்புவான்.

திரும்பிப் பார்க்க மாட்டான். அங்கே தோமே இருப்பான்.

எப்போதும் இருப்பான்.

தலைநகரின் பெரிய அணி ஒன்று இருவரையும் ஒருசேர அழைத்துக்கொண்டது. அங்கே அந்தப் பந்துக்குச் செய்தித்தாள்கள் 'குருட்டுப் பந்து' என்று பெயரிட்டன. எலாதியோவுக்கு முதுகிலும் கண் உண்டு என்று எழுதின. தேசிய அணியின் சிவப்புச் சட்டை அவனுக்குக் கிடைத்தது. தெருவில் ஆடும் பிள்ளைகள் அவன் பெயரைத் தங்கள் முதுகில் எழுதிக்கொண்டனர். தோமேயின் பெயர் ஆட்ட முடிவைக் கூறும் செய்தியின் கடைசி வரிகளில் சில நாட்கள் இருந்தது. சில நாட்கள் இல்லை.

ஒரு மாரிக்காலத்தில், பனிமூட்டம் கவிந்த மலைப்பாதையில் தோமேயின் கார் உருண்டது.

அடக்கம் முடிந்த ஞாயிறன்று எலாதியோ களமிறங்கினான். முதுகைத் திருப்பினான். பந்தை இடப்புற ஓரத்துக்கு அனுப்பினான். அது எவர் காலும் படாமல் கோட்டைக் கடந்து போயிற்று. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று அழுதது.

அங்கே ஓடி வந்து சேர வேறு எவரும் இல்லாமல், அடுத்த ஆண்டும் பந்து அவ்வாறே போயிற்று. அப்போது யாரும் அழவில்லை.

பெரிய அணி அவனை வேறோர் அணிக்கு விட்டது. அந்த அணி இன்னோர் அணிக்கு. அங்கே அவன் ஆடியதைவிட, ஓரத்து இருக்கையில் தோளில் போர்வையுடன் அமர்ந்திருந்ததே மிகுதி. முப்பத்தைந்தாம் வயதில், காதோரம் நரைத்து, பிறந்த ஊரின் சிறிய அணிக்கே திரும்பி வந்தான்.

கால் மட்டும் திருந்தவில்லை.

"அங்கே நிற்பவர் யாரப்பா? எங்களுக்கும் அறிமுகம் செய்து வை" என்று வேலியோரத்திலிருந்து கேட்டான் மீன் ஏலம் கூவும் மௌரோ. பேய்க்கும் சம்பளம் உண்டா என்றார் அருகிலிருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலர் தோமேயின் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள்.

வருகிற ஞாயிறு பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் ஊர் அணி கீழ்நிலைக்கு இறங்கிவிடும். எலாதியோவுக்கு வாழ்வின் கடைசி ஆட்டமும் அதுவே. இறுதி ஊதல் ஒலிக்கும்போது களத்தில் நின்றிருக்க வேண்டும், அது ஒன்றே போதும் என்று அவன் விரும்பினான்.

பயிற்சியாளர் அவனைவிட வயதில் இளையவர். கடுஞ்சொல் பேசத் தெரியாதவர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். இன்னும் ஒருமுறை அந்த ஓரத்துக்குப் பந்து போனால் உங்களை வெளியே அழைத்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்று மாலைதான் எலாதியோ ஆலயத்துக்கு வந்தான்.

*

"தோமேயை மறக்க வேண்டும் என்கிறாயா?" என்று கேட்டார் அடிகள்.

"ஐயோ, இல்லை சுவாமி. கால் மட்டும் மறந்தால் போதும்."

"உங்கள் இருவரின் காலுக்கும் நான் மண்டியிட மட்டுமே ஒழுங்காகக் கற்பித்தேன். அதையும் தோமேதான் கற்றான். நீ எப்போதும் ஒரு கண்ணை வாசலில் வைத்திருப்பாய்."

எலாதியோ தலைகுனிந்தான். சிரிப்பு வந்தது, நிற்கவில்லை, போய்விட்டது.

அடிகள் தம் நீண்ட அங்கியின் விளிம்பைத் தூக்கி இடைக்கச்சில் செருகினார். தூபக்கலம் வைக்கும் அலமாரியின் அடியிலிருந்து பழைய பந்து ஒன்றை எடுத்தார். மழையில் இறங்கித் திடலின் நடுவே போய் நின்றார்.

எலாதியோ பின்தொடர்ந்தான்.

"ஓடு" என்றார்.

"எங்கே?"

"அவன் ஓடிய இடத்துக்கு."

"பந்து தருவீர்களா?"

"ஓடு."

அவன் ஓடினான். இடப்புறக் கோட்டை அடைந்ததும், தோமே செய்வதுபோலவே வலக்கையை உயர்த்தினான்.

அடிகள் முதுகைக் காட்டி நின்றார். பந்து வலப்புறம் மெல்ல உருண்டு, தேங்கிய நீரில் போய் நின்றது. அவரே நடந்து சென்று அதை எடுத்து வந்தார்.

எலாதியோ திரும்பி வந்தான்.

"ஓடு."

ஓடினான். கையை உயர்த்தினான். இம்முறை அடிகளின் பாதம் பந்தைவிட்டு எழுந்தது. அவன் உடம்பு முன்சாய்ந்தது. பாதம் மீண்டும் பந்தின்மேலேயே அமர்ந்தது.

"ஓடு."

ஓடினான். அடிகள் பந்தைக் கையில் எடுத்து, அங்கியால் துடைத்து, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை வலுத்தது. அவர் சொல்வதை நிறுத்தவில்லை. அவன் ஓடுவதையும் நிறுத்தவில்லை. பழைய காயம் பட்ட முழங்கால் எரியத் தொடங்கியது. ஒவ்வொரு முறை போகும்போதும் இம்முறை வரும் என்றே கால் நம்பியது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தொலைவு கூடியிருந்தது.

இறுதியில் அவர் முன் வந்து நின்றான். குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"நீங்கள் தருவதாக இல்லை."

"இல்லை."

"பிறகு நான் எதற்காக ஓட வேண்டும்?"

அடிகள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார்.

"பந்து வராதபோதும் தோமே ஓடினானே, இதை உன்னிடம் என்றாவது கேட்டானா?"

எலாதியோ முகத்தில் வழிந்த நீரைத் துடைத்தான்.

மழை அவர்கள் இருவர்மேலும் பெய்தது.

"அந்த ஓரத்திலிருந்து உனக்கு என்ன தெரிந்தது?" என்று கேட்டார் அடிகள்.

நெடுந்தொலைவு நடந்து வந்து, கருவறையின் பின்சுவரை மட்டும் தொட்டுவிட்டு ஊர் திரும்புகிறவனைப் போல் அவன் நின்றிருந்தான்.

"உங்கள் முதுகு, சுவாமி."

சொன்னவன் ஈரப்புல்லில் அமர்ந்துவிட்டான்.

அடிகள் பந்தை அவன் மடியில் வைத்துவிட்டு, மாலை மணி அடிக்கப் போனார்.

*

ஞாயிறன்று வானம் வெளுத்திருந்தது. ஊரார் நடுவே மரப்பலகையில் அடிகள் அமர்ந்திருந்தார். அருகில் மௌரோ.

முதல் பந்து எலாதியோவிடம் வந்தது. இடப்புறத்துக்கு முதுகைத் திருப்பினான். பாதம் எழுந்தது.

"இதோ, பேயாருக்குப் போகிறது" என்றான் மௌரோ.

பாதம் காற்றில் நின்றது.

எலாதியோ கழுத்தைத் திருப்பி இடப்புற ஓரத்தைப் பார்த்தான். ஆடத் தொடங்கிய நாள்முதல், பந்து கொடுக்கும்போது அவன் ஒருநாளும் பார்த்திராத இடம். அங்கே கோடு இருந்தது. கோட்டை ஒட்டிக் கொஞ்சம் புல் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

எதிரணியினன் ஒருவன் வந்து அவன் காலடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். காவலன் பாய்ந்து தடுத்ததால் கோல் விழவில்லை. மௌரோ தலையில் கைவைத்துக்கொண்டான்.

அதன்பின் எலாதியோ ஒருமுறைகூட அந்த ஓரத்துக்குப் பந்தை அனுப்பவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தான். பயிற்சியாளரின் நெற்றிச் சுருக்கம் நீங்கியது. இப்படியே இருந்தால் போதும் என்று மௌரோவே அடிகளிடம் சொன்னான். இரு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. சமன் ஆனாலும் ஊர் தப்பிவிடும்.

அப்போது பந்து வேறொருவனிடம் இருந்தது. எலாதியோ நடுக்களத்தை விட்டு இடப்புற ஓரத்தை நோக்கி ஓடினான்.

கோட்டை அடைந்து கையை உயர்த்தினான்.

பந்து வலப்புறம் போயிற்று. அவன் திரும்பி நடந்தான்.

மீண்டும் ஓடினான். கையை உயர்த்தினான். யாரும் பார்க்கவில்லை. திரும்பி நடந்தான்.

பேசிக்கொண்டிருந்த மௌரோ பேச்சை நிறுத்தினான்.

மீண்டும் ஓடினான்.

நடுக்களம் திறந்து கிடந்தது. எதிரணி அவ்வழியே இருமுறை புகுந்து வந்தது. பயிற்சியாளர் நெடுநேரம் தயங்கினார். பந்து வெளியே போய் ஆட்டம் நின்ற ஒரு கணத்தில், மாற்று ஆட்டக்காரனின் முதுகில் தட்டி அனுப்பினார். எண் பலகை உயர்ந்தது. எலாதியோவின் எண்.

வெளியேறுகிறவன் தனக்கு மிக அருகிலுள்ள கோட்டைத் தாண்டியே வெளியேற வேண்டும் என்பது இக்காலத்து ஆட்டத்தின் விதி. அவன் அப்போது இடப்புற ஓரத்தில் நின்றிருந்தான். இறுதி ஊதலுக்கு இன்னும் சற்று நேரமே இருந்தது. ஓரடி வைத்தால் எல்லாம் முடிந்துவிடும்.

பலகையைப் பார்த்தான். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கோட்டின்மேல் நின்று, ஒருமுறை களத்தைத் திரும்பிப் பார்த்தான்.

பந்து, உள்ளே எறிவதற்காக, மறுபுறக் கோட்டருகே ஒருவன் கையில் இருந்தது. எல்லாரும் அப்பக்கம் நோக்கி நின்றார்கள். முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

எலாதியோ வலக்கையை உயர்த்தினான்.

ஊரார் எழுந்து நின்றார்கள். கைதட்டல் படகுத்துறைவரை கேட்டிருக்கும். மௌரோ கன்னங்கள் நனைய நனையத் தட்டினான்.

அடிகளின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"சுவாமி, நம் பிள்ளை விடைபெறுகிறான். நீங்கள் தட்ட மாட்டீர்களா?" என்று கேட்டான் மௌரோ.

"விடைபெறவில்லை" என்றார் அடிகள். "பந்து கேட்கிறான்."