சத்தமில்லாத காரும் செவியன் முயலும்

காட்டை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தார்ச்சாலை போனது. இந்தப் பக்கம் புல்வெளி, அந்தப் பக்கம் குளம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் சாலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வேறு வழி?

தாண்டுவதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. செவியன் என்ற முயல் மைல்கல் மேல் ஏறி, கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். எங்கோ மலையடிவாரத்தில் ஒரு டீசல் வண்டி உறுமினாலே அதற்குக் கேட்டுவிடும். அதன் காது நிமிர்ந்திருந்தால் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. காதை மடக்கினால் போகலாம்.

முன்பு மந்திகள்தான் புளியமரத்து உச்சியிலிருந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தன. வண்டிப் புகை தாங்காமல் இருமி இருமி அவை மலைக்கு ஓடிவிட்டன. அதற்குப் பிறகு செவியன் வைத்ததுதான் சட்டம்!

ஒரு கோடையில் புதுவிதமான கார்கள் வரத் தொடங்கின. எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. புகை இல்லை, நாற்றம் இல்லை. "அப்பாடா! இப்போதுதான் மூச்சுவிட முடிகிறது!" என்று மந்தி ஒன்று புளியமரத்துக்கே திரும்பி வந்துவிட்டது.

"சத்தமே காணோம்! வண்டியெல்லாம் ஒழிந்தது!" என்று செவியன் குதித்தது.

அன்று மாலையே ஒரு கீரி சாலையில் செத்துக் கிடந்தது. பாவம், செவியன் காதை மடக்கிய பிறகுதான் அது தாண்டியது.

காடே நடுங்கிப் போயிற்று. உறுமல் கேட்கவில்லை, புகையும் வரவில்லை. பிறகு எது அடித்தது?

"பேயாக இருக்குமோ?" என்றது காட்டுக்கோழி.

"பேயுமில்லை, பிசாசுமில்லை!" என்றது மந்தி. "வெள்ளைக் கார். பூனை மாதிரி வந்தது. மேலிருந்து பார்த்தேன், நான் கத்துவதற்குள் முடிந்துவிட்டது. இனி வருவதெல்லாம் இந்த மாதிரி வண்டிகள்தான். செவியா, நீ கேள், நான் பார்க்கிறேன். இரண்டு பேரும் சொன்ன பிறகு தாண்டட்டும்."

செவியனுக்குச் சுருக்கென்றது. "நேற்றுத் திரும்பி வந்த நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா? என் காதுக்குத் தப்பி ஒரு வண்டி வந்துவிடுமா? கீரி பராக்குப் பார்த்திருக்கும்!"

சொல்லிவிட்டதே தவிர, அதற்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் காது போதாது என்று ஒப்புக்கொண்டால் அப்புறம் யார் மதிப்பார்கள்?

அதன்பின் சாலைப் பக்கம் போகவே எல்லோரும் பயந்தார்கள். வெயில் கொளுத்தியது. அல்லி என்ற பெண்மானின் குட்டிக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது.

"அம்மா, தொண்டை ஒட்டுதும்மா!"

அல்லிக்கும் பயம்தான். இருந்தாலும் குட்டியைக் கூட்டிக்கொண்டு மைல்கல்லுக்கு வந்தது.

"செவியண்ணே, உன்னை நம்பித்தான் என் பிள்ளையை இறக்குகிறேன். நன்றாகக் கேட்டாயா?"

"கேட்டேன், கேட்டேன்! ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. போ!" செவியன் இரண்டு காதையும் மடக்கியது.

அல்லி தாண்டிவிட்டது. குட்டி நடுச்சாலையில் இருந்தது.

"கார்! வளைவில் கார்!" என்று மந்தி மரமே அதிரக் கத்தியது.

செவியன் திரும்பிப் பார்த்தது. வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. அப்போதும் அதன் காதில் எதுவும் விழவில்லை.

"ஓடு கண்ணு, ஓடு!" என்று அல்லி அலறியது. குட்டி பயத்தில் மரத்துப்போய் அப்படியே நின்றது. ஐயோ, இன்னொரு கீரியா! செவியன் மைல்கல்லிலிருந்து பாய்ந்து குட்டியின் வயிற்றில் முட்டியது. குட்டி துள்ளிச் சாலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பிரேக் கிறீச்சிட்டது. கார் நின்றபோது செவியனின் ஒரு காது டயருக்கடியில் இருந்தது.

பிய்த்துக்கொண்டு ஓடிவந்த செவியன் புதரில் கிடந்து அழுதது. வலி ஒரு பக்கம். கீரியின் நினைப்பு இன்னொரு பக்கம்.

இப்போதும் செவியன்தான் மைல்கல்லில் நிற்கிறது. ஆனால் மிச்சமிருக்கும் ஒற்றைக் காதை மடக்குமுன், புளியமரத்தை அண்ணாந்து பார்த்து, "அக்கா, ஏதாவது தெரிகிறதா?" என்று கேட்கிறது.

நல்ல மாற்றத்தோடு புது ஆபத்தும் வரலாம். பழைய காவலே போதும் என்று வீம்பு பிடிப்பவன், தன்னை நம்பி வந்தவர்களைத்தான் முதலில் பலி கொடுப்பான்.