ஐந்தாம் எண் ஜாடி

வெண்ணாங்குப்பத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் மூன்று பேரை ஊரே சுவை ஆய்வுக் குழு என்று ஒப்புக்கொண்டிருந்தது. தலைவர் தெய்வசிகாமணி. உறுப்பினர்கள் லூர்து, அரிபுத்திரி. போன தை மாதம் கோயில் பொங்கலில் உப்பே இல்லை என்று கண்டுபிடித்தது இவர்கள்தான். அது சர்க்கரைப் பொங்கல் என்பது பிறகு தெரியவந்தது.

ஊர்க் கோடியில் அமலோர் என்பவர் சொந்தமாக பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். பெல்ஜியத்தில் கற்றுக்கொண்டு வந்த தொழில். மாதிரிக்கு நாலு வகை செய்து வைத்திருந்தார். பெரிய தொட்டி ஒன்றே ஒன்றுதான் என்பதால் விற்பனைக்கு ஒரு வகையைத்தான் காய்ச்ச முடியும். அவரிடம் பீர் வாங்க உலகத்திலேயே ஒரு கடற்கரை ஓட்டல்தான் முன்வந்திருந்தது. அதன் மேலாளர் ரெஜினா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நாலுமே நல்லா இருக்குன்னுதான் நீங்க சொல்வீங்க. வெளியாளுங்க மூணு பேர் ருசி பார்த்து ஒண்ணை எழுதிக் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வருவேன். முடிவாகலைன்னா வேற இடம் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வேலையும் இல்லாமல் போதையும் இல்லாமல் ஊரில் இருந்தவர்கள் சுவை ஆய்வுக் குழுவினர் மட்டுமே. தலைவரின் பழைய வேனில் வந்து இறங்கினார்கள்.

அமலோர் விளக்கினார். "பேரைப் பார்த்து மார்க் போடக் கூடாதுன்னுதான் வெறும் நம்பர் ஒட்டியிருக்கேன். முதல்ல மோந்து பாருங்க. ஒரு வாய் எடுத்து, பத்து எண்ணுற வரைக்கும் வாயிலேயே வெச்சிருங்க. அப்புறம் அந்த வாளியில துப்பிடுங்க. முழுங்கினா நாலாவது வர்றதுக்குள்ள நாக்குக்கு ஒண்ணும் தெரியாது. நடுநடுவுல தண்ணி குடிங்க. மனசுல முதல்ல எது தோணுதோ அதை அப்படியே எழுதுங்க. நான் இருந்தா என் முகத்தைப் பார்த்து எழுதுவீங்க. வெளியே இருக்கேன்."

சொல்லிவிட்டு நிஜமாகவே வெளியே போய்விட்டார். படித்தவர்களும் தவறு செய்வதுண்டு.

முதல் ஜாடி, ஆரஞ்சுத் தோல் போட்ட கோதுமை பீர். அரிபுத்திரி மோந்து பார்த்ததில் நுரை இரண்டு மூக்குத் துவாரங்களிலும் ஏறியது. ஏழு முறை தும்மிவிட்டு, "மூக்குக்குச் சுவை தெரியவில்லை" என்று எழுதினார்.

எண்ணும் பொறுப்பு தலைவருடையது. ஒரு வாய் எடுத்துக்கொண்டு, "ஒண்ணு" என்றார். பீர் சட்டையில் இறங்கியது. மறுபடி ஒரு வாய். மறுபடி "ஒண்ணு". மூன்றாவது வாய்க்குச் சட்டையில் காய்ந்த இடம் இல்லாததால் ஆலோசனை கூடியது.

"தலைவரே, வாயில வெச்சுக்கிட்டு எண்ண முடியாது. ஒருத்தர் வைக்கணும், ஒருத்தர் எண்ணணும்" என்றார் லூர்து.

"அப்ப மூணாவது ஆளு?"

"எண்ணுறது சரியா இருக்கான்னு பார்க்கணும்."

நிர்வாகம் இப்படித்தான் வளர்கிறது. ஒரு ஜாடிக்கு அரை மணி நேரம் பிடித்தது.

மனதில் தோன்றியதையும் நேர்மையாகவே எழுதினார்கள். கோதுமை பீருக்கு லூர்து: "வீட்டில் மோட்டாரை நிறுத்தினேனா?" தலைவர்: "அமலோர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை."

இரண்டாம் ஜாடி கடுங்கசப்பு. "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று அரிபுத்திரி கேட்டார். "மூணு வேளையும்" என்று தலைவர் தீர்ப்பளித்தார். மூன்றாவது, வறுத்த பார்லியில் செய்த கறுப்பு பீர். "காப்பி ஆறிவிட்டது. சர்க்கரையும் இல்லை" என்று மூவரும் ஒரே குரலில் பதிவு செய்தார்கள். நாலாவதில் பனைவெல்ல வாசனை. லூர்துவுக்குத் தன் மாமியார் ஞாபகம் வந்தது. வழக்கத்தைவிட வேகமாகத் துப்பினார்.

ஒவ்வொரு ஜாடிக்கும் நடுவே, சொன்னபடி ஓரத்தில் இருந்த ஜாடியிலிருந்து தண்ணீர் குடித்தார்கள். வாய் முழுதும் சுத்தமானதா என்ற சந்தேகம் தீரும்வரை குடித்தார்கள்.

"தலைவரே, இந்த ஜாடிக்கு மட்டும் நம்பர் ஒட்டலையே?" என்றார் அரிபுத்திரி.

"விட்டுப்போயிருக்கும். பாவம்" என்று தலைவரே '5' என்று எழுதி ஒட்டினார்.

"தண்ணிதானே அது?" என்றார் லூர்து.

"யோவ், பேரைப் பார்த்து மார்க் போடக் கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

லூர்து பேனாவை எடுத்தார். ஐந்தாம் எண்ணுக்குக் குறிப்புகள் சரளமாக வந்தன. லூர்து: "தெளிவு. கசப்பு இல்லை. நுரைத் தொல்லை இல்லை." அரிபுத்திரி: "சின்ன வயதிலிருந்தே குடித்துவரும் ருசி." தலைவர்: "இன்னொரு டம்ளர்."

ஐந்து மணிக்கு ரெஜினா வந்தார். பின்னாலேயே அமலோரும் ஓடி வந்தார். தலைவர் எழுந்து நின்று அறிக்கை வாசித்தார். "முதலிடம், ஐந்தாம் எண்."

"அது தண்ணி மேடம்! குழாய்த் தண்ணி!" என்று அலறினார் அமலோர். "தலைவரே, அந்த நாலுல ஒண்ணைச் சொல்லுங்க!"

"அந்த நாலையும்தான் துப்பிட்டோமே" என்றார் தலைவர். "நல்லா இருந்தா எவனாவது துப்புவானா? துப்பாம முழுங்கினது அஞ்சை மட்டும்தான். வாளியே சாட்சி."

ரெஜினா அறிக்கையைப் புரட்டினார். "மூணு கையெழுத்தும் சரியா இருக்கு."

"நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க மேடம்."

"நான் குடிக்கிறதில்லை. அதுக்குத்தானே குழு? திங்கக்கிழமையிலிருந்து வாரம் இருநூறு லிட்டர். அஞ்சாம் நம்பர். ருசி மாறக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

அமலோர் தரையில் உட்கார்ந்தார். ஒன்றாம் எண் ஜாடியை எடுத்து, மோந்து பார்க்காமல், எண்ணாமல், துப்பாமல் குடித்து முடித்தார். அடுத்து இரண்டு. அடுத்து மூன்று.

கடமை முடிந்த குழு கிளம்ப எழுந்தது. இரண்டு மணி நேரம் சம்மணம் போட்டிருந்ததில் கால் மரத்துப்போய், லூர்து தள்ளாடிச் சுவரைப் பிடித்தார்.

"தலைவரே, ஏறிடுச்சு."

"எத்தனை டம்ளர்யா போட்ட?"

"அஞ்சாம் நம்பர்ல ஒம்பது."

"எனக்குப் பதினொண்ணு" என்றார் தலைவர் கவலையோடு. "முதலிடம் வாங்கின சரக்கு. இதைப் போட்டுட்டு வண்டியைத் தொடறது தப்பு."

"நான் பதிமூணு. அதான் நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடறேன்" என்றார் அரிபுத்திரி.

மூவரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். தரையில் அமலோர் நாலாம் ஜாடியின் கடைசிச் சொட்டுக்காக அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். தலைவர் குனிந்து வேன் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அமலோர் சார், இங்க அஞ்சாம் நம்பரைத் தொடாத ஆள் நீங்க ஒருத்தர்தான். எங்களைப் பத்திரமா வீட்ல கொண்டுபோய் விட்டுடுங்க."