ஆமை ஓட்டில் ஒட்டிய வெள்ளை

கீரி குளக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. குளம் நிறைந்து அல்லி பூத்திருந்தது. அந்த அல்லிகளுக்கு அடியில் ஓர் ஆடுகளம் இருக்கிறது என்றால் இந்த வருஷத்துத் தவளைகள் நம்பப்போவதில்லை. கீரிக்கு மட்டும் அதன் நான்கு மூலைகளும் இன்றும் தெரியும்.

குளம் வற்றிக் கிடந்த ஒரு கோடை அது. காட்டோரத்து விடுதியில் மனிதர்கள் பிக்கிள்பால் என்றொரு மட்டையாட்டம் ஆடுவதை மைனா பார்த்துவிட்டு வந்தது. "சின்ன இடம் போதும். பந்து பூராவும் ஓட்டை" என்றது.

காய்ந்த குட்டிச் சுரைக்காய் ஒன்றில் அணில் பல்லால் ஓட்டை போட்டது. பனைமட்டையை ஆளுக்கொரு துண்டாகக் கடித்து எடுத்துக்கொண்டார்கள். வலைக்குப் பதில் குறுக்கே ஒரு கொடி. நத்தை ஓட்டைப் பொடித்து வெள்ளைக் கோடு. அடித்ததும் அந்தச் சுரைக்காய் மெல்ல விசிலடித்துக்கொண்டு போகும். அந்தச் சத்தம் இன்னும் கீரியின் காதில் இருக்கிறது.

நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுந்ததோ அவர்களே "உள்ளே", "வெளியே" சொல்ல வேண்டும். கோட்டைத் தொட்டாலும் உள்ளேதான். முதலில் பதினொன்று எடுத்தவர்களுக்கு ஜெயம். ஆட்டம் முடிந்ததும் கொடிக்கருகே வந்து மட்டையோடு மட்டையைத் தொட்டுக்கொள்வார்கள். அடுத்து ஆட நினைப்பவர்கள் மருதமரத்து வேரில் மட்டையை வரிசையாகச் சாய்த்து வைப்பார்கள். வரிசைப்படிதான் ஆட்டம், வரிசைப்படிதான் ஜோடி.

முதல் நாள் கீரிக்கு ஜோடியாக வாய்த்தது ஆமை.

"போச்சு" என்றது கீரி, ஆமையின் காதுபடவே.

ஆனால் கொடியை ஒட்டி நின்று பந்தை மெல்லத் தட்டிவிடுவதில் ஆமையை மிஞ்ச ஆளில்லை. பின்னால் ஓடி எடுக்கக் கீரி இருந்தது. இரண்டும் தொடர்ந்து ஜெயித்தன. அதற்குப் பிறகு வரிசையில் இரண்டு மட்டையையும் சேர்த்தே வைத்தன; ஜோடியை மாற்றவே இல்லை.

ஒருநாள் எதிரில் முயலும் அணிலும். பத்துக்குப் பத்து. முயல் அடித்த பந்து பின்கோட்டில் விழுந்தது. வெள்ளைத் தூள் புகைபோல் எழுந்ததைக் கீரி பார்த்தது. ஆனால் அதன் வாய் வேறு சொன்னது.

"வெளியே!"

முயலின் காது இரண்டும் நிமிர்ந்தன. "நல்லாப் பாத்தியா?"

"என் பக்கம் விழுந்துச்சு. என் கண்ணு பாத்துச்சு."

"சரிப்பா. நீ சொன்னா சரி."

ஆமை ஊர்ந்துபோய்ப் பந்தை எடுத்தது. தன் ஓட்டின் விளிம்பில் ஒருமுறை தேய்த்துவிட்டுக் கொண்டுவந்தது.

அதன்பின் அந்த வார்த்தை கீரிக்குச் சுலபமாக வந்தது. ஜெயித்தால் முயலின் முகத்துக்கு நேரே குதித்தது. ஒரு புள்ளி போனாலும் மட்டையைத் தரையில் எறிந்தது. கொடிக்கருகே போய் மட்டையைத் தொடும் வழக்கத்தை விட்டுவிட்டது.

கோடை பாதி போனபோது மருதமரத்தடியில் ஏதோ மாறியிருந்தது. கீரியின் மட்டை முன்னுக்கு வந்தால், பக்கத்து மட்டைகள் காணாமல்போயின.

"கால் இழுத்துப் பிடிச்சிருக்கு" என்றது முயல்.

"குட்டிங்க பசியில கத்துது, கீரி அண்ணே" என்றது அணில். சற்று நேரத்தில் இரண்டும் மைனாவோடும் உடும்போடும் ஆடிக்கொண்டிருந்தன. மைனா ஏதோ சொல்ல, உடும்பு விழுந்து விழுந்து சிரித்தது.

வேரில் இரண்டு மட்டைகள் மட்டும் சாய்ந்திருந்தன. கீரியுடையது, ஆமையுடையது. மேற்கே மேகம் கறுத்துவந்தது. மழை வந்தால் குளம் நிறையும். குளம் நிறைந்தால் ஆட்டமே கிடையாது.

"தோத்துப்போவோம்னு பயம் இதுகளுக்கு" என்றது கீரி.

அப்போதுதான் ஆமையின் ஓட்டு விளிம்பு கீரியின் கண்ணில் பட்டது. வரிசையாக வெள்ளைக் கறைகள்.

"இது என்ன வெள்ளை?"

"கோட்டுத் தூள். பந்துல ஒட்டியிருந்துச்சு. தொடச்சேன்."

"எப்போ?"

"நீ வெளியேன்னு சொன்னப்பல்லாம்."

கீரி வாலைச் சுருட்டிக்கொண்டது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். ஆனா எனக்கும் ஜெயிக்கப் பிடிச்சிருந்துச்சு. அதுக்கு முன்னால எந்த வெளையாட்டுலயும் என்னை யாரும் ஜோடி சேத்துக்கிட்டதில்லை" என்றது ஆமை.

கீரி எழுந்து முயலிடம் போனது. "கடைசியா ஒரு ஆட்டம் வர்றீங்களா?"

"எதுக்கு? நீயே அடிச்சு நீயே சொல்லிக்கோயேன்."

மேகத்தைப் பார்த்த அணில், "வா, ஆடிடுவோம். இனிமே எப்பவோ" என்று முயலின் காலைச் சுரண்டியது.

அன்றைக்கும் பத்துக்குப் பத்து. முயல் ஓங்கி அடித்தது. பந்து கீரியைத் தாண்டி மூலைக்குப் போனது. ஆமை கொடிப் பக்கம் திரும்பி நின்றது. அணில் தூரத்தில் இருந்தது. மூலையில் நகம் அளவு தூள் கிளம்பி அடங்கியது. பார்த்தது கீரி மட்டும்தான்.

"உள்ளே" என்றது கீரி.

முயல் நம்பவில்லை. "நெசமாவா? எனக்கே வெளியே போன மாதிரிதான் இருந்துச்சு."

"கோட்டுல பட்டுச்சு. நீங்க ஜெயிச்சுட்டீங்க." கீரி கொடிக்கருகே போய்த் தன் மட்டையை நீட்டியது. "முன்னாடி நான் வெளியேன்னு சொன்னதுல நெறைய உள்ளதான்."

"தெரியும்" என்றது முயல். தன் மட்டையால் அதைத் தொட்டது. "நாளைக்கு மழை இல்லேன்னா வா."

ஆனால் அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. நான்கும் மருதமரத்தடியில் ஒண்டிக்கொண்டு, வெள்ளைக் கோடுகள் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதன்பின் குளம் வற்றவே இல்லை.

இப்போது அல்லிகளுக்கு நடுவே தண்ணீரை விலக்கிக்கொண்டு ஆமை தலை தூக்கியது. ஓடு பளபளவென்று சுத்தமாக இருந்தது. "தண்ணி கொஞ்சம் எறங்கியிருக்கா?" என்று கேட்டது கீரி.

"அப்படியேதான் இருக்கு. நேத்து முயலும் இதையேதான் கேட்டுச்சு."

கீரி சிரித்தது. ஜெயித்த ஆட்டங்களில் ஒன்றுகூட அதற்கு நினைவில்லை. தோற்ற அந்த ஒன்றில் மட்டும் ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று சொல்லும்.

பொய் சொல்லி ஜெயிப்பவன் தன்னோடு ஆட வருபவர்களை இழக்கிறான். தோற்றாலும் உள்ளதைச் சொல்பவனுக்கே அடுத்த ஆட்டத்தில் இடம் இருக்கும்.